சத்தம் கேட்கும் வீடு

சீட்டில் யூஜினாவுக்கு ஒன்றாம் நம்பர் வீடு விழுந்தது.

காளியம்மன் கோயில் முன்னால் ஒரு சட்டியில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்கினார்கள். தோட்டத் தலைவர் இராமையா ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசித்தார். ஒன்றாம் நம்பர் என்றதும் கூட்டம் சலசலத்தது. டயகம பஸ் திரும்புகிற முடக்கில், ரோட்டோரமாக, தனியே நிற்கிற வீடு அது. காலை வெயில் வாசலில் விழும். தண்ணீர்க் குழாய் பக்கத்திலேயே இருந்தது. பிள்ளை ஸ்கூல் வேனுக்கு மேடேறி நடக்க வேண்டியதில்லை.

"அதிஷ்டம்னா இதான்டி" என்றாள் ஒருத்தி.

"நாங்க காளிக்கு வெளக்கு வச்சோம். வீட்ட மாதா தூக்கிட்டுப் போயிட்டா" என்றாள் இன்னொருத்தி.

யூஜினா சிரித்தாள். சீட்டை நான்காக மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்து வீட்டு மீனம்மாவின் பெயர் வரும்வரை நின்றாள். மீனம்மாவுக்குப் பதினான்காம் நம்பர் வீடு. மலையின் மேல் வரிசை. கீழே முடக்கிலிருந்து பார்த்தால் யூகலிப்டஸ் மரங்களுக்கு மேலே அதன் கூரை நுனி மட்டும் தெரியும்.

"என்னாடி, மொகம் இப்புடி இருக்கு?" என்றாள் மீனம்மா.

"ஒண்ணுமில்லக்கா. தலைவலி."

மகள் டிலோஷியின் கையைப் பிடித்துக்கொண்டு பழைய லயத்து வரிசை வீட்டுக்கு இறங்கினாள்.

லயத்தில் யூஜினாவுடையது தொங்கல் காம்பரா. கடைசி வீடு. ஒரு பக்கம் தேயிலை. மறுபக்கம் மீனம்மா. நடுவில் இருந்த சுவர் வெள்ளைக்காரன் காலத்துச் சுவர். ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் போய் நின்றுவிடும். அதற்கு மேல் கூரைத் தகரம் வரை வெறும் இடைவெளி. அதன் வழியாக மீனம்மாவின் அடுப்புப் புகை வரும். கருவாட்டு வாசம் வரும். அவள் புருஷன் பழனியாண்டியின் இருமல் வரும். யூஜினா தேத்தண்ணிக்குக் கேத்தல் வைத்தால் அங்கே கேட்கும். "எனக்கும் ஒரு கோப்பை போடு" என்று மீனம்மா சொல்வது இங்கே கேட்கும்.

யூஜினாவின் புருஷன் டினேஷ் கினிகத்தேனையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தான். சனிக்கிழமை வருவான். வந்தால் அடிப்பான். சில நாள் குடித்திருப்பான். சில நாள் குடித்திருக்க மாட்டான். அடி விழும்போது மீனம்மா அந்தப் பக்கமிருந்து விறகுக் கட்டையால் சுவரில் இடிப்பாள். இடித்தால் நிறுத்திவிடுவான். வெளியே கேட்கிறது என்று தெரிந்தால் மட்டும் வருகிற வெட்கம் அவனுக்கு இருந்தது. மீனம்மா இடித்த இடத்தில் சுண்ணாம்பு உதிர்ந்து கல் தெரிந்தது.

போன வருஷம் ஒரு சனிக்கிழமை அவள் சுவரோடு நிற்கவில்லை. லயத்துப் பெண்களைக் கூட்டிவந்து கதவைத் தள்ளித் திறந்தாள். அதன்பிறகு ஆஸ்பத்திரி, பொலிஸ், கோட்டு. கிட்ட வரக்கூடாது என்று கோட்டில் ஓடர் போட்டார்கள். அதற்கப்புறமும் ஒருநாள் பஸ்ஸில் வந்து இறங்கி முடக்கில் நின்றான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டப் போய்க்கொண்டிருந்த ஆட்கள் கத்தியோடு அவனைச் சுற்றி நின்று, நலம் விசாரித்தார்கள். அடுத்த பஸ்ஸில் போய்விட்டான். பிறகு வரவில்லை.

இனி லயத்தை இடித்துவிடுவார்கள். எல்லாரும் புது வீடுகளுக்குப் போக வேண்டும்.

*

ஷெரோமி ஹட்டனிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வருவாள். உளவளத்துணையாளர். அந்தச் சொல் தோட்டத்தில் யார் வாயிலும் நுழையவில்லை. பேசுற மிஸ் என்றார்கள்.

அவளுக்குத் தோட்டம் கொடுத்த இடம் பிள்ளைக் காம்பரா. கொழுந்தெடுக்கப் போகிற தாய்மார் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். முதல் நாள் யூஜினாவை உட்கார வைத்ததும் கதவைச் சாத்தினாள். யாரும் கேட்கக்கூடாது என்பது அவள் படித்தது. தோட்டத்தில் பகலில் கதவு சாத்தியிருந்தால், உள்ளே யாரோ தூக்குப் போட்டுக்கொள்கிறார்கள் என்று அர்த்தம். கொஞ்ச நேரத்தில் வாசலில் கூட்டம். ஒரு கங்காணி கதவை உடைக்கக் கடப்பாரை கேட்டார். யூஜினாவே கதவைத் திறந்து, "நாங்க பேசிக்கிட்டுத்தான் இருக்கோம்" என்று சொல்ல வேண்டியிருந்தது.

அதிலிருந்து கதவு திறந்தே இருந்தது. பிள்ளைகள் சோறு தின்று தூங்குகிற நேரத்தில் பேசினார்கள். பாய் முழுக்கப் பிள்ளைகள். அதனால் தாழ்ந்த குரலில் பேசினார்கள். யூஜினாவுக்கு அது வசதியாக இருந்தது. அவள் குரலே அவ்வளவுதான்.

சீட்டுக் குலுக்கிய பிறகு ஷெரோமி வந்தபோது வெளியே தூறல். யூஜினா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து வாசலில் உதறிப் போட்டுவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தாள்.

"புது வீடு கிடைச்சிருக்காம். சந்தோஷமா?"

"சந்தோஷந்தான் மிஸ்."

"முகத்துல காணலையே."

யூஜினா பாய் நுனியில் பிரிந்திருந்த கோரையை இழுத்தாள். "புது வீடு எல்லாத்துலயும் சொவரு கூரை வரைக்கும் போகுது மிஸ்."

"நல்லதுதானே. ஒங்களுக்குன்னு ஒரு இடம். பேசுறது, அழுறது, சிரிக்கிறது எதுவும் வெளிய கேக்காது."

"அதத்தான் மிஸ் நானும் சொல்றேன்."

ஒரு பிள்ளை புரண்டு படுத்தது.

"எதுவும் வெளிய கேக்காது" என்றாள் யூஜினா.

தகரத்தில் தூறல் வலுத்தது. ஷெரோமி தலையைச் சாய்த்து, காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். தப்பு செய்துவிட்டால் அவள் அப்படிச் செய்வாள். யூஜினாவுக்கு அது தெரியும்.

"நான் யோசிக்காமச் சொல்லிட்டேன். வீடு முடக்குலதானே?"

"பஸ்ஸு நிக்கிற எடம். அவரு வந்தா வேற எங்கயும் போக வேண்டியதில்ல. எறங்குனா எங்க வாசல்."

"ஒங்களுக்கு எந்த வீடு வேணும்?"

இதை யாரும் அவளிடம் கேட்டிருக்கவில்லை. பதிலோ தயாராக இருந்தது.

"பதினொண்ணு."

"ஏன் பதினொண்ணு?"

"மீனம்மாக்கா குசினி ஜன்னலுக்கு நேர கீழ. நடுவுல மண் படிதான். ஏறிப் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

"அது யாருக்கு விழுந்துச்சி?"

"வீரய்யாண்ணனுக்கு."

"கேட்டீங்களா?"

"எனக்குக் கேக்கத் தெரியாது மிஸ்."

"கேட்டா என்ன நடக்கும்?"

யூஜினா யோசித்தாள். "சிரிப்பாங்க. ஒண்ணாம் நம்பர விட்டுட்டு பதினொண்ணு கேக்குறா பைத்தியம்னு."

"சிரிச்சா?"

இதற்கு அதிக நேரம் யோசித்தாள். கோரை கையோடு வந்துவிட்டது.

"சிரிக்கட்டும்" என்றாள்.

*

சாயங்காலம் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் வீரய்யா நின்றிருந்தார். கவ்வாத்து ஆள். வேலை சீக்கிரம் முடிந்துவிடும். மனைவி ஜீவராணியின் கூடையைத் தூக்கிப் போக வருவார். வாயில் வெற்றிலை இருந்தது.

யூஜினா அவர் பக்கத்தில் போய் நின்றாள். கூடையை இறக்கினாள். மறுபடி ஏற்றினாள்.

"என்னா புள்ள?"

"அண்ணே, ஒங்க பதினொண்ண எனக்குத் தர்றீங்களா? நீங்க ஒண்ணாம் நம்பர எடுத்துக்கங்க."

வீரய்யா வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கினார். "அந்த வீட்டுல என்னா கொறை?"

"ஒரு கொறையும் இல்லண்ணே."

"கொறை இல்லாமலா தர்ற? அஸ்திவாரம் வெடிச்சிருக்கா?"

"இல்லண்ணே."

"பாம்பு பொத்து?"

"நான் அந்த வீட்டுக்குள்ள இன்னும் போனதே இல்ல."

"அப்ப பேய்தான். முடக்குல லொறி பெரண்டுச்சே, அந்த டிரைவரு."

"அந்த டிரைவரு உசுரோட இருக்கான்" என்றாள் ஜீவராணி, தராசிலிருந்து திரும்பாமலே. "ராகலையில கரட் லொறி ஓட்டுறான். ஒங்களுக்குச் சந்தேகப்பட வேற நாளே கெடைக்கலையா? வாய மூடிக்கிட்டுச் சரின்னு சொல்லுங்க. பதினொண்ணுல பத்து மணி வரைக்கும் வெயிலு எட்டிப் பாக்காது. பின்னால கான் தண்ணி வேற ஓடுது."

"தெரிஞ்சுதானே கேக்குது அந்தப் புள்ள? அதான் பயமா இருக்கு." வீரய்யா யூஜினாவைப் பார்த்தார். "எதுக்குப் புள்ள?"

"மீனம்மாக்கா பக்கத்துல இருக்கணும்ணே."

வீரய்யா மெல்லுவதை நிறுத்தினார். லயத்தில் அவருடையது ஐந்தாவது காம்பரா. சனிக்கிழமைகளில் அவருக்கும் கேட்டிருந்தது. பாயில் எழுந்து உட்கார்ந்து, பிறகு படுத்திருக்கிறார்.

"எடுத்துக்க" என்றார்.

இராமையாதான் இடைஞ்சல் சொன்னார். "சாமி முன்னுக்குக் குலுக்குனது. மாத்த ஏலாது. அப்பறம் ஒருத்தர் வீட்டுல காய்ச்சல்னாக்கூட என் தலையிலதான் விழும்."

"தலைவரே, நான் வேதக்காரி. எனக்குச் சாமி வேற" என்றாள் யூஜினா.

"வீடு காளி குடுத்ததுல்ல?"

பழனியாண்டி இருமிவிட்டு வழி சொன்னார். ஆளுக்கொரு தேங்காய் உடைத்துவிட்டால் போதும். காளி கோபப்பட மாட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை வீரய்யாவும் யூஜினாவும் கோயில் வாசலில் தேங்காய் உடைத்தார்கள். யூஜினாவுக்கு முதல் தடவை உடையவில்லை. கல்லில் பட்டு உருண்டது. பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். இரண்டாம் தடவை ஓங்கிப் போட்டாள். சில்லு இராமையாவின் இடுப்புச் சாரத்தில் தெறித்தது. உடைந்த மூடிகளையெல்லாம் மீனம்மா எடுத்துப் போய்ச் சம்பல் அரைத்தாள்.

*

வீட்டைச் சோதிக்க வேண்டும் என்று சொன்னது மீனம்மா.

பூட்டுத் திறப்பு இன்னும் கொடுக்கவில்லை. கதவுகளும் பூட்டப்படவில்லை. ஜன்னலுக்குக் கண்ணாடி போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து யூஜினா நேராகப் பதினொன்றாம் நம்பர் வீட்டுக்கு வந்தாள். டிலோஷியைப் பழனியாண்டியிடம் விட்டிருந்தாள். கையில் ஒரு அலுமினிய வாளி.

"நான் மேல போயி குசினியில நிக்கிறேன். நீ உள்ளுக்கு இருந்து கூப்புடு. கதவச் சாத்திட்டுக் கூப்புடு. கேக்குதான்னு பாப்போம்" என்றாள் மீனம்மா. மழைக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு படியேறினாள். நல்ல உடம்பு. படிக்குப் படி நின்று மூச்சு வாங்கினாள்.

யூஜினா உள்ளே நின்றாள். சிமெந்து வாசம். சுவர் வெள்ளையாக இருந்தது. அண்ணாந்து பார்த்தாள். சுவர் கூரையில் போய் ஒட்டியிருந்தது. ஒரு விரல் போக இடமில்லை.

கதவைச் சாத்தினாள். ஜன்னல் கட்டையின் நுனியில் வாளியை வைத்தாள். தள்ளினாள்.

வாளி விழுந்து உருண்டது. வெற்று அறையில் சத்தம் பெரிதாகத்தான் இருந்தது. நின்று கேட்டாள். மழைதான் கேட்டது. மறுபடி எடுத்து வைத்துத் தள்ளினாள். பிறகு இன்னொரு முறை.

கதவு தட்டப்பட்டது. மீனம்மா நனைந்து நின்றாள்.

"என்னாடி பண்ற? அங்கன காதக் குடுத்துக்கிட்டு ஜன்னல்ல ஒட்டிக்கிட்டு நிக்கிறேன், ஓணான் மாதிரி. எப்ப கூப்புடப் போற?"

"கூப்புட்டேங்க்கா."

"பொய் சொல்லாத. ஒரு சத்தமும் வரல."

யூஜினா தரையைக் காட்டினாள்.

மீனம்மா வாளியைப் பார்த்தாள். பல இடத்தில் நசுங்கிய வாளி. லயத்தில் எல்லாருக்கும் அதைத் தெரியும்.

"இது அவன் எத்தித்தள்ளுற வாளியில்ல?"

"அவரு எத்தலக்கா. நான்தான் தள்ளுவேன்."

"நீயா?"

"கட்டில் கால்மாட்டுல பலகை இருக்குல்ல. அது நுனியில வைப்பேன். சனிக்கெழம பொழுதோடயே வச்சிருவேன். காலு பட்டா விழும்."

"அப்ப அந்தச் சத்தம்..."

"ஒங்களுக்குத்தான்க்கா."

மீனம்மா குடையை மடக்கினாள். வாசல் படியில் உட்கார்ந்தாள். மழை அவள் காலில் அடித்தது. காலை உள்ளே இழுத்துக்கொள்ளவில்லை.

"கத்துனா என்னா?"

"புள்ள எந்திரிச்சிரும்."

"நான் ஒன்னைய எவ்வளவு திட்டியிருக்கேன் தெரியுமா? வாய் செத்த கழுத, செவுத்துக்கு அந்தப் பக்கம் மனுசி இருக்கேன், ஒரு வார்த்த கத்துறாளா பாருன்னு. அந்த மனுசங்கிட்ட சொல்லிச் சொல்லித் திட்டுவேன்."

"கேக்கும்க்கா."

"கேட்டுச்சா?"

"சொவருக்கு மேல எடம் இருக்கே."

மீனம்மா அவளைப் பார்த்தாள். முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மீனம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். நீண்ட நேரம் துடைத்தாள்.

எழுந்து உள்ளே வந்து, வெள்ளைச் சுவரை முஷ்டியால் குத்திப் பார்த்தாள்.

"இது மொரட்டுச் சொவரு. இதுக்கு வாளி பத்தாது புள்ள. தொண்ட வேணும்."

*

ஷெரோமி அடுத்த முறை வந்தபோது யூஜினா இதையெல்லாம் சொன்னாள். தேங்காய், மழை, வாளி. பிள்ளைகள் தூங்கினார்கள்.

ஷெரோமி கடைசி வரை கேட்டாள்.

"மொத நாள் ஒண்ணு சொன்னீங்க. ஞாபகம் இருக்கா? அஞ்சு வருசமா ஒண்ணுமே செய்யாம வாங்கிக்கிட்டேன், நான் ஒரு மண்ணுன்னு."

"சொன்னேன் மிஸ்."

"வாளிய நுனியில வச்சது யாரு?"

வெளியே தேயிலைக்குள் ஒரு குருவி விட்டுவிட்டுக் கத்தியது. பிள்ளைகளைப் பார்க்கிற ஆயா மூலையில் பால்மா கரைத்துக்கொண்டிருந்தாள். கரண்டி கோப்பையில் படுகிற சத்தம்.

"நான்தான்" என்றாள்.

கொஞ்சம் கழித்து மறுபடி சொன்னாள். "நான்தான் மிஸ் வச்சேன்."

அவள் முதுகு நிமிர்ந்திருந்தது. கூடை சுமக்கிற முதுகு. ஷெரோமி அதைப் பார்த்தாள்.

"மீனம்மா சொன்ன மாதிரி தொண்டைய ஒருக்காப் பாப்போமா?"

"இங்கனயா? புள்ளைங்க எந்திரிச்சிரும்."

"அப்ப வெளிய."

பிள்ளைக் காம்பராவுக்குப் பின்னால் ஓடைக்குப் போகிற பாதையில் நின்றார்கள். எதிர் மலையில் ஒரு கூட்டம் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தது. நெற்றியில் கயிறு, முதுகில் கூடை.

"நீங்க மொதல்ல கத்துங்க மிஸ்" என்றாள் யூஜினா.

"நானா?"

"எனக்கு வெக்கமா இருக்கு."

ஷெரோமிக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. ஹட்டனில் அவள் இருப்பது மாடி வீட்டில். கத்த வேண்டிய தேவை வந்ததில்லை. கையை வாயில் குவித்தாள்.

"யூ...ஜினா!"

ஸ்கூலில் பெயர் கூப்பிடுகிற மாதிரி இருந்தது. எதிர் மலையில் தலைகள் நிமிர்ந்தன.

"ஏய், பேசுற மிஸ் கத்துதுடீ!" என்று ஒரு குரல் வந்தது.

"இனிமே கத்துற மிஸ்!"

"மிஸ்ஸேய்! சத்தம் பத்தல! சோறு தின்னலையா?"

மலை முழுக்கச் சிரித்தது. ஷெரோமி முகம் சிவந்து நின்றாள். யூஜினா முழங்காலில் கைவைத்துக் குனிந்து சிரித்தாள். நிறுத்த முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு அவள் முறை. நிமிர்ந்தாள். வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. கழுத்தில் நரம்பு எழுந்தது. கையைக் கொண்டுபோய்த் தொண்டையில் வைத்துக்கொண்டாள்.

"வரமாட்டேங்குது மிஸ்."

"அவசரமில்ல."

"வராமலே போயிட்டா?"

"இப்ப சிரிச்சீங்களே. அது அந்த மலைக்குக் கேட்டிருக்கும்" என்றாள் ஷெரோமி. "தொண்டை இருக்கு. வழி கொஞ்சம் அடைச்சிருக்கு. அவ்வளவுதான்."

யூஜினா அதை யோசித்துக்கொண்டே மலைக்கு ஏறிப் போனாள். அன்று பின்னேரம் அவளுக்கு விழுந்த செடி நிரையில் கொழுந்து நன்றாக இருந்தது.

*

குடிபோகிற ஞாயிறு காலையில் வெயில் அடித்தது. பதினொன்றாம் வீட்டுக்கு மட்டும் அடிக்கவில்லை. பத்து மணிக்கு வரும் என்று ஜீவராணி சொன்னது சரிதான்.

கட்டிலை வீரய்யா தூக்கி வந்தார். இறக்கி வைத்துவிட்டு, "ஒண்ணாம் நம்பர்ல பேய் இல்ல. நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ்ஸு ஹோர்ன் அடிச்சே சாவடிக்கிறான்" என்றார்.

யூஜினா மாதா படத்தை மாட்டினாள். நல்ல நேரத்துக்குப் பால் காய்ச்ச வேண்டும். மேலே மீனம்மா வீட்டிலும் அதே நேரம். அதனால் மீனம்மாவால் வர முடியவில்லை. புதுச் சட்டியில் பால் பொங்கி அடுப்பைச் சுற்றி வழிந்தது. டிலோஷி கைதட்டியது. சத்தம் வராமல் தட்டியது. அந்தப் பிள்ளை அப்படித்தான் தட்டும்.

பால்சோறும் கட்டச் சம்பலும் எல்லாருக்கும் கொடுத்தார்கள். பகல் சாய்ந்ததும் ஆட்கள் அவரவர் வீடுகளைத் துடைக்கப் போனார்கள்.

டிலோஷி சுவரிடம் போனது. லயத்தில் பொழுது சாய்ந்ததும் அது சுவரில் தட்டும். மீனம்மா அந்தப் பக்கமிருந்து தட்டுவாள். இப்போதும் தட்டியது. காத்திருந்தது. மறுபடி தட்டியது.

"அங்கிட்டு வீடு இல்லடி. கான்தான் ஓடுது" என்றாள் யூஜினா.

"மீனம்மாப் பெரியம்மா?"

"மேல."

அப்போது மேலேயிருந்து குரல் வந்தது. மீனம்மாவின் குரலுக்குச் சுவரெல்லாம் ஒரு பொருட்டில்லை.

"யூஜீ! கூப்புட்டியா?"

யூஜினா வெளியே வந்தாள். மேலே குசினி ஜன்னலில் மீனம்மா தெரிந்தாள். இல்லை என்று கையை ஆட்டினாள். மீனம்மா தலை உள்ளே போனது.

பாத்திரங்களை அடுக்கினாள். வாளியில் தண்ணீர் பிடித்து மூலையில், தரையில் வைத்தாள். மறுபடி குரல்.

"யூஜீ! கூப்புட்டியா?"

மறுபடி வெளியே போய்க் கையை ஆட்டினாள். மீனம்மா பதிலுக்கு ஆட்டிவிட்டு, ஏதோ எரிந்த வாசம் வந்ததுபோல உள்ளே ஓடினாள்.

ரொட்டிக்கு மாப் பிசைந்தாள். மிஞ்சிய தேங்காய்ப்பூவைப் போட்டாள். கல்லைக் காய வைத்தாள். வெளியே பனி இறங்கியது. டயகமப் பக்கத்திலிருந்து வரும் பனி. முதலில் யூகலிப்டஸ் போனது. பிறகு மேல் வரிசை. வாசலுக்கு முன்னால் இருந்த படி பாதிக்கு மேல் இல்லை.

முதல் ரொட்டியைக் கல்லில் போட்டபோது குரல் வந்தது.

"யூஜீ! கூப்புட்டியா?"

வெளியே வந்து கையை ஆட்டினாள். மேலே வெள்ளையாக இருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாள்.

"யூஜீ!"

குரல் மாறியிருந்தது. யூஜினாவுக்கு அந்தக் குரல் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் விறகுக் கட்டையைத் தேடும்போது வருகிற குரல்.

"இந்தாங்க, அந்தக் கட்டைய எடுங்க. புள்ள பேச்சக் காணோம்." கதவு திறக்கிற சத்தம். பழனியாண்டியின் இருமல். ஈரப் படியில் கால் வைக்கிற சத்தம். அந்த உடம்போடு, பனியில், புது மண் படியில்.

"இல்லக்கா!" என்றாள் யூஜினா. "எறங்காதீங்க! வழுக்கும்! நான் கூப்புடல! இன்னும் கூப்புடவே இல்ல!"

சத்தம் படியேறிப் போனது. மேல் வரிசையைத் தாண்டி மலையில் பட்டுத் திரும்பி வந்தது. இல்ல, இல்ல என்று இரண்டு தடவை வந்தது.

வாசலில் டிலோஷி அவளையே பார்த்துக்கொண்டு நின்றது. வாய் திறந்திருந்தது.

மேலே கால் சத்தம் நின்றது.

"கூப்புடாததுக்கா இந்தக் கத்துக் கத்துற?" என்றது பனி.

யூஜினா பதில் சொல்வதற்குள் கீழேயிருந்து, ரொம்பக் கீழே முடக்கிலிருந்து, வேறொரு குரல் வந்தது. வீரய்யா.

"என்னா புள்ள! என்னா பிரச்சன! வரவா?"

ஒன்றாம் நம்பர் வீடு. பஸ் திரும்புகிற இடம். அங்கே கேட்டிருக்கிறது.

யூஜினா தொண்டையில் கை வைத்தாள். சூடாக இருந்தது. கையை எடுத்து வாயில் குவித்துக்கொண்டாள்.

"ஒண்ணுமில்லண்ணே! ரொட்டி சுடுறேன்!"

"எங்களுக்கும் இருக்கா?" என்று ஜீவராணி கேட்டாள்.

"வாங்க!"

இன்னும் எங்கிருந்தோ யாரோ சிரித்தார்கள். பனிக்குள் வீடு தெரியவில்லை.

டிலோஷி அவள் பாவாடையை இழுத்தது.

"அம்மா, ரொட்டி கருகுது" என்றது, எப்போதும்போல மெதுவாக. பிறகு அம்மாவைப் பார்த்தது. பனியைப் பார்த்தது. ஒரு படி ஏறி நின்று, இரண்டு கையையும் வாயில் குவித்தது.

"ரொட்டி கருகுதூ!"

மேலேயிருந்து உடனே பதில் வந்தது.

"திருப்பிப் போடச் சொல்லுடீ!"